சும்மா நிற்கும் சுவர்கள்

1960ஆம் ஆண்டு மே 9. அமெரிக்காவின் லாஸ் ஏஞ்சலிஸ் நகரம், இரவு நேரம். குன்றின் விளிம்பில் ஒரு வீடு. கூடத்தைச் சுற்றிச் செங்கல் சுவரே இல்லை. தரையிலிருந்து கூரைவரை கண்ணாடி. உள்ளே இரண்டு பெண்கள் சாவகாசமாக உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கிறார்கள். வெகு ஆழத்தில் நகரத்தின் விளக்குகள் வரிசை வரிசையாக நீளுகின்றன. பார்த்தால் வீடு அந்தரத்தில் நிற்பதாகவே தோன்றும்.

ஜூலியஸ் ஷுல்மன் என்ற புகைப்படக்காரர் அன்று எடுத்த கறுப்பு வெள்ளைப் படம் இது. ஒரு வீட்டை எடுத்த படங்களில் இதைவிடப் பெயர்பெற்ற இன்னொன்று இருக்குமா என்பது சந்தேகம்தான். படத்தில் ஒரு சிக்கல் உண்டு, கவனித்தீர்களா? தூரத்து விளக்குகள் மங்கலானவை. அவை பிலிமில் பதிய வேண்டுமானால் கேமராவின் கண்ணை நிமிடக்கணக்கில் திறந்து வைத்திருக்க வேண்டும். ஆனால் அத்தனை நேரம் இரண்டு பேர் அசையாமல் இருக்க முடியுமா? ஷுல்மன் வீட்டு விளக்குகளை அணைக்கச் சொன்னார். இருட்டில் கேமராவைத் திறந்து வைத்து ஊர் விளக்குகளைச் சில நிமிடங்கள் பதியவிட்டார். பிறகு வீட்டுக்குள் பிளாஷ் பல்புகளை ஒரே ஒரு நொடி மின்ன வைத்தார். அந்த நொடியில் பெண்களும் கூடமும் பதிந்தார்கள். ஒரே பிலிமில் ஊருக்குச் சில நிமிடம், ஆட்களுக்கு ஒரு நொடி!

சரி, படம் புரிந்தது. அந்த வீடு எப்படி நிற்கிறது? சுவர் முழுக்கக் கண்ணாடி என்றால் கூரையைத் தாங்குவது யார்?

நம் ஊர்களில் உள்ள பழைய வீடுகளை எடுத்துக்கொள்ளுங்கள். கூரையின் கனம் சுவர்மேல் இறங்கும், சுவரின் கனம் அஸ்திவாரத்தில் இறங்கும். சுவர்தான் சுமைதாங்கி. அதனால் அது தடிமனாக இருந்தாக வேண்டும். பெரிய ஜன்னல் வைக்க ஆசைப்பட்டு இஷ்டத்துக்கு உடைத்தால் மேலே உள்ளது கீழே வந்துவிடும். பழைய வீட்டு ஜன்னல்கள் சின்னதாக இருப்பதற்கு வெயில், திருடன் பயம் எல்லாம் காரணம் என்றாலும், இந்தக் கணக்கும் ஒரு காரணம்.

இப்போது கல்யாணப் பந்தலை நினைத்துப் பாருங்கள். நான்கு மூலையிலும் கால் நடுகிறார்கள், குறுக்கே மூங்கில் கட்டுகிறார்கள், மேலே கீற்று போடுகிறார்கள். பக்கத்தில் துணி கட்டினாலும் சரி, ஒன்றும் கட்டாமல் விட்டாலும் சரி, பந்தல் நிற்கும். சுமை முழுவதும் கால்களில் இறங்கிவிடுவதால் பக்கச் சுவருக்கு அங்கே வேலையே இல்லை. படத்தில் உள்ள வீடும் அப்படித்தான், கால்கள் மட்டும் உருக்கு. பியர் கேனிக் என்ற கட்டடக்கலைஞர் அதை வடிவமைத்தார். உருக்குத் தூண்கள், அவற்றின் மேல் உருக்கு உத்தரங்கள், அவற்றின் மேல் தட்டையான கூரை. சுவருக்குச் சுமை தூக்கும் வேலை போய்விட்டது. சும்மா நிற்கிற சுவர் எதனால் ஆனால் என்ன? கண்ணாடியாகவே இருந்துவிட்டுப் போகட்டும்!

இன்று நம் ஊரில் எழும்புகிற அடுக்குமாடிகளும் பெரும்பாலும் இதே முறைதான். கொத்தனார்கள் பில்லர், பீம் என்று சொல்வார்கள். நாம் அந்தச் சட்டத்துக்குள் செங்கல்லை அடைத்துவிடுகிறோம், அதனால் வெளியே தெரிவதில்லை. லாஸ் ஏஞ்சலிஸ்காரர்கள் அதை மறைக்காமல் காட்டினார்கள். 1945 முதல் 1970 வரை, ஏறக்குறைய அந்தக் கால்நூற்றாண்டில், இப்படிக் கட்டிய வீடுகளுக்கு மிட் செஞ்சுரி மாடர்ன் என்று பெயர்.

அந்த உருக்கு உத்தரத்தைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் ஆங்கிலத்தின் ‘ஐ’ எழுத்துப்போல இருக்கும். மேலே அகலமான பட்டை, கீழே அகலமான பட்டை, நடுவில் மெல்லிய தகடு. ஏன் இந்த வடிவம்? நீளமான அழிரப்பர் ஒன்றை எடுங்கள். அதன் பக்கவாட்டில் பேனாவால் சம இடைவெளியில் செங்குத்துக் கோடுகள் போடுங்கள். இரண்டு நுனியையும் பிடித்து, நடுப்பகுதி கீழே தொங்குகிற மாதிரி வளையுங்கள். மேல்பக்கம் கோடுகள் நெருங்கி வரும், கீழ்ப்பக்கம் விலகிப் போகும், நடுவில் இடைவெளி மாறவே மாறாது. மேல்பக்கம் நசுங்குகிறது, கீழ்ப்பக்கம் இழுபடுகிறது, நடுவில் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. உத்தரமும் கனத்தில் அப்படித்தான் வளையப் பார்க்கும். மேலும் கீழும்தான் பலம் வேண்டும் என்றால் நடுவில் எதற்கு வீணாக உருக்கு? குறைத்துவிட்டார்கள். ரயில் தண்டவாளத்தின் வெட்டுமுகமும் ஏறக்குறைய இப்படித்தான் இருக்கும், அடுத்தமுறை ஸ்டேஷனுக்குப் போகும்போது பாருங்கள்.

படத்தில் உள்ள வீட்டுக்கு ஸ்டால் வீடு என்று பெயர். பக் ஸ்டால் என்பவர் 1954இல் அந்த இடத்தை வாங்கியபோது அது யாரும் சீண்டாத செங்குத்துச் சரிவு. கட்டுமான வேலை நடக்கும் இடங்களில் வேண்டாம் என்று ஒதுக்கிய உடைந்த கான்கிரீட் துண்டுகளை அவர் வார இறுதிகளில் வண்டியில் அள்ளிக்கொண்டு வந்து, கொஞ்சம் கொஞ்சமாக விளிம்பைக் கட்டி உயர்த்தினார். அங்கே கண்ணாடி வீடு வேண்டும் என்று அவர் கேட்டபோது பல வடிவமைப்பாளர்கள் தலையாட்டவில்லை. கேனிக்தான் ஒப்புக்கொண்டார்.

இந்த வீட்டுக்கு ஒரு எண்ணும் உண்டு: 22. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு பத்திரிகை இருக்கிறது. இரண்டாம் உலகப்போர் முடியும் தறுவாய். போர்முனையிலிருந்து லட்சக்கணக்கான வீரர்கள் திரும்பி வரப்போகிறார்கள், அவர்களுக்கு வீடு வேண்டும். விமானம், கப்பல் செய்த ஆலைகளில் புதுப்புதுப் பொருள்கள் கிடக்கின்றன. இவற்றை வைத்துச் சாதாரணக் குடும்பத்துக்குக் கட்டுப்படியாகிற நல்ல வீட்டைக் கட்டினால் என்ன என்று ‘ஆர்ட்ஸ் அண்ட் ஆர்க்கிடெக்சர்’ பத்திரிகையின் ஆசிரியர் ஜான் என்டென்ஸா யோசித்தார். 1945 ஜனவரியில் அறிவிப்பு வந்தது. கட்டடக்கலைஞர்கள் மாதிரி வீடுகளை வரைவார்கள், கட்டி முடித்ததும் பொதுமக்கள் உள்ளே போய்ப் பார்க்கலாம். 1966 வரை நடந்த இந்தத் திட்டத்தில் மொத்தம் 36 வடிவமைப்புகள் உருவாயின, இருபதுக்கு மேல் கட்டியும் முடித்தார்கள். முதல் 6 வீடுகளைப் பார்க்க மட்டும் 3,50,000 பேருக்கு மேல் வந்தார்கள் என்றால் பாருங்களேன், பொருட்காட்சிக் கூட்டம்தான்!

அந்த வரிசையில் 8ஆம் எண் வீடு எனக்கு 22ஐவிடப் பிடிக்கும். சார்ல்ஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் என்ற கணவன் மனைவி தங்களுக்காக 1949இல் கட்டிக்கொண்டது. கடலைப் பார்த்த மேடு, ஓரமாக யூகலிப்டஸ் மரங்கள், அவற்றின் பின்னால் இரண்டு பெட்டிகள்: ஒன்று வீடு, ஒன்று வேலைக்கூடம். கறுப்பு உருக்குச் சட்டத்துக்குள் கண்ணாடி, நடுநடுவே சிவப்பு, நீலம், வெள்ளைப் பலகைகள்.

முதலில் இந்த வீட்டை வேறு மாதிரி வரைந்திருந்தார்கள். புல்வெளிக்குக் குறுக்கே பாலம்போல நீட்டிக்கொண்டு நிற்கிற வீடு அது. போருக்குப் பிறகு உருக்குத் தட்டுப்பாடு. பொருள் வந்து சேரக் காலதாமதம் ஆனது. அதுவரை இருவரும் அந்தப் புல்வெளிக்குப் போவதும் சாப்பாடு கட்டிக்கொண்டுபோய் உட்கார்வதுமாக இருந்தார்கள். இருக்க இருக்க, இந்த இடத்தை வீட்டைப் போட்டுக் கெடுக்கலாமா என்ற எண்ணம் வந்துவிட்டது. உருக்கோ வந்து இறங்கியாகிவிட்டது! அதே உத்தரங்கள், அதே தூண்கள். அவற்றை வேறு மாதிரி அடுக்கி, வீட்டை மேட்டின் ஓரமாக ஒதுக்கினார்கள். இடம் முன்னைவிட அதிகம் கிடைத்தது. கூடுதலாகத் தேவைப்பட்டது ஒரே ஒரு உத்தரம். இன்று பிளாஸ்டிக் கட்டைகளை அடுக்கி விளையாடுகிறவர்களுக்கு இது சட்டென்று புரிந்துவிடும். பெட்டியில் உள்ள துண்டுகள் அவைதான், கோட்டையாகவும் கட்டலாம், கப்பலாகவும் கட்டலாம்.

பதினொன்றரை டன் உருக்கு. அதைச் சட்டமாக நிறுத்தி முடிக்க 5 பேருக்கு ஆன நேரம் 16 மணிதான். காரணம், எல்லாம் தொழிற்சாலையில் ஏற்கெனவே அளவுக்கு வெட்டி வந்த துண்டுகள். கதவும் ஜன்னலும்கூட விலைப்பட்டியலைப் பார்த்து வாங்கியவை.

அந்த வீட்டின் முகப்பைக் கிட்டே போய்ப் பார்த்தால் சில கட்டங்களில் மெல்லிய கம்பிகள் குறுக்கும் மறுக்குமாகப் பெருக்கல் குறிபோல ஓடும். அழகுக்காக வைத்தது என்று நினைத்துவிட வேண்டாம். தென்னை ஈர்க்குகள் நான்கை நூலால் முடிந்து ஒரு சதுரம் செய்யுங்கள். மூலையைப் பிடித்துத் தள்ளினால் சாய்ந்து சரிந்த பெட்டியாகிவிடும். மூலைக்கு மூலை ஐந்தாவது ஈர்க்கைக் கட்டுங்கள். இப்போது தள்ளுங்கள், அசையாது. சதுரம் இரண்டு முக்கோணங்கள் ஆகிவிட்டது. பக்கங்களின் நீளம் மாறாதவரை முக்கோணத்தின் வடிவம் மாறாது. லாஸ் ஏஞ்சலிஸ் நிலநடுக்க பூமி. அங்கே பக்கவாட்டில் உலுக்கல் வரும் என்பதை நினைவில் வைத்துத்தான் எதையும் கட்டியாக வேண்டும். இன்னொன்று, நிலம் உலுக்கும்போது ஒரு கட்டடத்தின்மேல் வருகிற விசை அதன் நிறையைப் பொறுத்தது. கனமான வீட்டுக்கு அடி பலமாக விழும், லேசான சட்ட வீட்டுக்குக் குறைவாக விழும்.

ஈம்ஸ் தம்பதியைப் பற்றி ஒரு கிளைக்கதை. போர்க்காலத்தில் அவர்கள் ஒரு வாடகை அடுக்ககத்தில் இருந்தார்கள். அதை வடிவமைத்தவர் ரிச்சர்ட் நாய்ட்ரா, இவர் பெயரை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மறுபடி வருவார். அந்தச் சின்ன வீட்டுக்குள் பிளைவுட்டை வளைக்க ஓர் இயந்திரத்தைத் தாங்களே செய்தார்கள். பிளைவுட் என்பது மெல்லிய மரத்தாள்களை, ஒன்றன் ரேகை நெடுக்கிலும் அடுத்ததன் ரேகை குறுக்கிலும் வருமாறு பசை தடவி அடுக்குவது. மரம் ரேகை வாக்கில் சுலபமாகப் பிளக்கும், குறுக்கே பிளக்காது. மாற்றி மாற்றி அடுக்கினால் எந்தப் பக்கமும் பிளக்க முடியாது. அச்சின்மேல் தாள்களை வைத்துச் சூடாக்கி, ரப்பர் பையில் காற்றடித்து அழுத்தினார்கள். காற்றடித்தது எதைக்கொண்டு தெரியுமா? சைக்கிள் பம்பு! அந்தப் பரிசோதனைகளிலிருந்து அமெரிக்கக் கடற்படைக்குக் கால் எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுகிற பிளைவுட் கட்டை பிறந்தது. சுமார் 1,50,000 செய்தார்கள். போர் முடிந்ததும் அதே வித்தை நாற்காலியானது.

இவர்கள் இந்தியாவுக்கும் வந்திருக்கிறார்கள். 1958இல் நம் அரசின் அழைப்பில் வந்து எழுதிக்கொடுத்த அறிக்கையிலிருந்துதான் 1961இல் அகமதாபாத்தில் தேசிய வடிவமைப்பு நிறுவனம் உருவானது. நாம் தண்ணீர் மொள்ளும் செம்பை அந்த அறிக்கையில் அப்படி வியந்திருக்கிறார்கள். தென்னிந்தியாவின் வாழையிலைச் சாப்பாட்டைப் பற்றியும் சார்ல்ஸ் மேடைகளில் பேசியிருக்கிறார். 1977இல் அவர்கள் எடுத்த ‘பவர்ஸ் ஆஃப் டென்’ என்ற குறும்படத்தை உங்கள் அறிவியல் ஆசிரியரிடம் கேட்டு அவசியம் பாருங்கள். ஒரு பூங்காவில் 1 மீட்டர் தூரத்திலிருந்து தொடங்கும். 10 நொடிக்கு ஒருமுறை பார்வை பத்து மடங்கு விலகி விண்மீன் கூட்டங்களைத் தாண்டிப் போகும். பிறகு திரும்பி வந்து ஒரு மனிதரின் கையின் தோலுக்குள் நுழைந்து அணுவின் உள்ளே போய் நிற்கும்.

சரி, கிளையிலிருந்து இறங்குவோம்.

சுவரைக் கண்ணாடியாக்கியாயிற்று. வெயில்? சூரிய ஒளி கண்ணாடி வழியே சுலபமாக உள்ளே வந்துவிடும். தரையும் நாற்காலியும் சூடாகி வெப்பக் கதிர்களை வெளியிடும். அந்தக் கதிர்கள் கண்ணாடியை ஊடுருவித் திரும்பிப் போக முடியாது. வெயிலில் நிறுத்திய காருக்குள் ஏறியிருக்கிறீர்கள்தானே? இது தெரியாமல் கட்டிய கண்ணாடி வீடுகளில் குடியிருப்பவர்கள் பாடு திண்டாட்டம்தான். தெரிந்து கட்டியவர்கள் கூரையைச் சுவருக்கு வெளியே நீட்டினார்கள். இந்த வீடுகளில் எனக்கு மிகவும் பிடித்த உறுப்பு கண்ணாடி இல்லை, அந்த நீட்டம்தான். அதற்குள் ஒரு கணக்கு ஒளிந்திருக்கிறது.

லாஸ் ஏஞ்சலிஸ் நிலநடுக்கோட்டிலிருந்து 34 டிகிரி வடக்கே இருக்கிறது. அங்கே நண்பகலில் சூரியன் எப்போதும் தென்பக்கம்தான் நிற்கும். ஜூன் மாதக் கடைசி வாரத்தில் ஏறத்தாழ 79 டிகிரி உயரத்தில், அதாவது கிட்டத்தட்ட உச்சந்தலையில் இருக்கும். டிசம்பர் கடைசி வாரத்தில் 32 டிகிரி உயரம்தான் ஏறும். தெற்குப் பார்த்த 8 அடி உயரக் கண்ணாடிச் சுவர், அதற்கு வெளியே 3 அடி நீட்டிய கூரை என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் ஓர் அடிக்கு 1 சென்டிமீட்டர் என்று அளவு வைத்து வரையுங்கள். கூரையின் நுனியிலிருந்து பாகைமானியால் 79 டிகிரிக்குக் கோடு கிழித்தால் அது சுவரைத் தொடாமலே தரைக்குப் போய்விடும். சுவர் முழுவதும் நிழல். 32 டிகிரிக்குக் கிழித்தால் மேலே 2 அடிக்கும் சற்றுக் குறைவான பட்டை மட்டும் நிழல், மீதி 6 அடியில் வெயில் அடிக்கும். கோடையில் வெயில் வேண்டாம், நிழல். குளிர்காலத்தில் வெயில் வேண்டும், வெயில். மின்சாரம் இல்லை, பொத்தான் இல்லை. கூரை ஓர் அங்குலம்கூட நகரவில்லை. சூரியனின் உயரத்தை முன்கூட்டியே அறிந்து ஒருவர் வரைந்த கோடு அது, அவ்வளவுதான்.

இந்தக் கணக்கு மேற்குச் சுவரில் பலிக்காது. மாலையில் சூரியன் 20 டிகிரிக்கு இறங்கி நேராக முகத்தில் அடிக்கும்போது 3 அடிக் கூரை கொடுக்கும் நிழல் ஓர் அடிதான். நாய்ட்ரா வருவார் என்று சொன்னேனே, இதோ. சில்வர் லேக் என்ற பகுதியில் ஒரு நீர்த்தேக்கத்தைப் பார்த்தவாறு அவருடைய சொந்த வீடு இருக்கிறது. 1932இல் கட்டியது, 1963இல் தீப்பிடித்து எரிந்தது, அவரும் மகனும் மறுபடி எழுப்பினார்கள். மேற்கு வெயிலுக்கு அவர் கண்ட வழி, செங்குத்தாக நிற்கும் நீண்ட தகடுகள். வெயில் வரும் திசைக்கு ஏற்பத் திருப்பிக்கொள்ளலாம். மொட்டை மாடியில் தண்ணீரும் தேக்கிவைத்தார். இன்று அந்த வீடு ஒரு பல்கலைக்கழகத்தின் பொறுப்பில் இருக்கிறது. கட்டடக்கலை மாணவர்கள் வருகிறவர்களுக்குச் சுற்றிக் காட்டுகிறார்கள்.

லாஸ் ஏஞ்சலிஸ் மகா பெரிய நகரம். அதில் இப்படிப்பட்ட வீடுகளை எப்படிக் கண்டுபிடிப்பது? ஒரு தெருவில் நடக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். முதலில் கூரையைப் பாருங்கள். தட்டையாகவோ மிகக் குறைந்த சரிவோடோ, தரையோடு தாழ்ந்து நீளமாக இருக்கும். அங்கே ஆண்டுக்குச் சராசரியாக 360 மில்லிமீட்டர் மழைதான், பனிப்பொழிவு கிடையாது. அதனால் தட்டைக் கூரை சமாளித்துவிடுகிறது. கூரைக்கு அடியிலிருந்து உத்தரங்களின் நுனிகள் வெளியே எட்டிப் பார்க்கின்றனவா? நல்ல அறிகுறி. சுவருக்கும் கூரைக்கும் நடுவே குறுகலான கண்ணாடிப் பட்டை ஓடுகிறதா? இன்னும் நல்ல அறிகுறி. சுவர் கூரையைத் தாங்கவில்லை என்பதற்கு அதுவே சாட்சி! தாங்குகிற சுவர் கூரையைத் தொடாமல் நிற்குமா?

கண்ணாடியில் தெரியும் மரத்தின் பிம்பத்தையும் பாருங்கள். பழைய கண்ணாடி என்றால் பிம்பம் லேசாக நெளியலாம். உருகிய கண்ணாடியைத் தாளாக மேலே இழுத்துச் செய்தபோது விழுந்த நெளிவு அது. நெளிவில்லாமல் வேண்டுமென்றால் இரண்டு பக்கமும் அரைத்து மெருகேற்ற வேண்டும், செலவு அதிகம். இங்கிலாந்தில் அலஸ்டர் பில்கிங்டன் 1959இல் வேறு வழியை அறிவித்தார்: உருகிய வெள்ளீயத்தின்மேல் உருகிய கண்ணாடியை மிதக்கவிடுவது. வெள்ளீயம் 232 டிகிரி செல்சியஸிலேயே உருகிவிடும், கண்ணாடியைவிடக் கனம், மேற்பரப்போ சமதளம். அதன்மேல் பரவும் கண்ணாடியும் சமதளமாகிவிடும். இன்றைய ஜன்னல் கண்ணாடிகள் அப்படி வந்தவைதான். இந்தப் பிம்பச் சோதனையை நம் ஊர்ப் பழைய கட்டடங்களிலும் செய்து பார்க்கலாம்.

சில வீடுகள் தெருவுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருக்கும். கிரனடா ஹில்ஸ் பகுதியில் 1960களின் தொடக்கத்தில் ஜோசப் ஐக்லர் கட்டி விற்ற சுமார் நூறு வீடுகள் அந்த ரகம். தெருப்பக்கம் பார்த்தால் வெறும் பலகைச் சுவர். உள்ளே போனால் முற்றமும் தோட்டமும் கண்ணாடியுமாகத் திறந்துகொள்ளும். கான்கிரீட் தரைக்குள் வெந்நீர்க் குழாய்கள் புதைந்திருக்கும், குளிர்காலத்தில் பாதத்திலிருந்து சூடேறும். முற்றம் வைத்த வீடு என்றால் நமக்கு என்ன புதுசா என்று கேட்பீர்கள். நியாயம்தான்!

மார் விஸ்டா பகுதிக்குப் போனால் ஒரு விளையாட்டே இருக்கிறது. கிரிகரி ஐன் 1948இல் அங்கே 52 வீடுகளைக் கட்டினார். அடிப்படை வரைபடம் ஒன்றுதான். ஒன்றை அப்படியே வைப்பார், அடுத்ததை இடம் வலமாகப் புரட்டுவார், இன்னொன்றைத் திருப்பி வைப்பார். எது எதன் பிம்பம் என்று கண்டுபிடித்துக்கொண்டே நடக்கலாம். உள்ளே நகரும் தடுப்புகள். பகலில் ஒரு பெரிய அறை, இரவில் இரண்டு சின்ன அறை. 2003இல் நகராட்சி அந்தத் தெருக்களைப் பாதுகாக்கப்பட்ட பகுதியாக அறிவித்தது.

ஹாலிவுட் குன்றுகளில் ஒரு விசித்திரம் உண்டு. 45 டிகிரி சரிவு. அங்கே வீடு கட்டவே முடியாது என்று விட்டுவிட்ட மனை. ஜான் லாட்னர் 1960இல் அங்கே 5 அடி விட்டமும் ஏறக்குறைய 30 அடி உயரமும் உள்ள ஒற்றைக் கான்கிரீட் தூணை நிறுத்தி, அதன் தலையில் எண்கோண வீட்டை வைத்தார். பெயர் கீமோஸ்பியர். பார்த்தால் பறக்கும் தட்டு வந்து இறங்கியதுபோல் இருக்கும். மண்ணுக்கடியில் ஏறக்குறைய 20 அடி அகலக் கான்கிரீட் பீடம் இருப்பது வெளியே தெரியாது. சரிவில் ஏற இறங்கத் தண்டவாளத்தில் ஓடும் ஒரு சின்னப் பெட்டியும் வைத்தார்கள். பாட்டியைக் கூட்டிக்கொண்டு அந்த வீட்டுக்குக் குடிபோக முடியுமா என்றால் யோசிக்கத்தான் வேண்டும்.

இத்தனையும் இருந்தும் இந்த வீடுகள் குறைந்துகொண்டே வருகின்றன. மனையின் விலை ஏறிவிட்டது. சின்ன வீட்டை இடித்துவிட்டுப் பெரிய மாளிகை கட்டுகிறார்கள். பிரென்ட்வுட் பகுதியில் கிரெய்க் எல்வுட் வடிவமைத்து 1950இல் கட்டிய ஒரு வீடு 2024இல் இடிபட்டது. 2025 ஜனவரியில் பசிபிக் பாலிசேட்ஸ் பகுதியில் பரவிய காட்டுத்தீ ஆயிரக்கணக்கான கட்டடங்களை விழுங்கியது. ஈம்ஸ் வீடு தப்பியது, ஆனால் உள்ளே புகுந்த புகைக்கரியைத் துடைத்து எடுக்க வேண்டியிருந்தது. சாதாரணக் குடும்பத்துக்காக என்று தொடங்கிய கனவுக்கு நேர்ந்ததும் ஒரு வேடிக்கை. மிஞ்சியிருக்கும் புகழ்பெற்ற வீடுகளைக் கோடீஸ்வரர்கள்தான் இன்று வாங்க முடியும்.

இருப்பது எங்கே என்று தெரிந்தால்தானே காப்பாற்ற முடியும்? அதனால் நகராட்சி ஒரு பெரிய வேலையைச் செய்தது. 2010 முதல் 2017 வரை ஆட்களைத் தெருத்தெருவாக அனுப்பி, நகரத்தின் சுமார் 8,80,000 மனைகளைக் கணக்கெடுத்தது. யார் வீட்டுக்குள்ளும் நுழையவில்லை, தெருவிலிருந்து தெரிவதை மட்டும் வைத்துக் குறித்தார்கள். மேலே நாம் பார்த்த கூரை, உத்தர நுனி, கண்ணாடிப் பட்டை மாதிரியான அடையாளங்கள்தான் அவர்களுக்கும் கைகொடுத்தன.

கடைசியாக உங்களுக்கு ஒரு வேலை. லாஸ் ஏஞ்சலிஸ் கணக்கு நம் ஊரில் அப்படியே செல்லாது. சென்னை 13 டிகிரியில் இருக்கிறது. இங்கே ஆண்டுக்கு இரண்டு நாள் நண்பகல் சூரியன் நேர் உச்சியில் நிற்கும், ஜூன் மாதத்திலோ வடக்கே போய்விடும். அப்போது தெற்கு ஜன்னலில் நண்பகல் வெயிலே விழாது, வடக்கு ஜன்னலுக்குத்தான் வரும். டிசம்பரிலும் நண்பகல் உயரம் 53 டிகிரிக்குக் குறையாது. வீட்டில் தெற்குப் பார்த்த ஜன்னல் ஏதாவது இருந்தால் அதன் மேலே உள்ள சன்ஷேட் எத்தனை அங்குலம் நீட்டிக்கொண்டிருக்கிறது என்று அளந்துகொள்ளுங்கள். நோட்டில் அளவுக்கு வரைந்து, டிசம்பர் நண்பகலில் நிழல் ஜன்னலில் எதுவரை இறங்கும் என்று பாகைமானி வைத்துக் கண்டுபிடியுங்கள். 24 அங்குல சன்ஷேட் என்றால் ஏறக்குறைய 32 அங்குலம் வர வேண்டும். பிறகு டிசம்பர் 22 வாக்கில் நண்பகலில் ஜன்னலுக்கு வெளியே நின்று, சன்ஷேடின் அடியிலிருந்து நிழலின் விளிம்புவரை டேப்பால் அளந்து பாருங்கள். சென்னையில் அன்று சூரியன் உச்சிக்கு ஏறுவது 12 மணிக்குச் சில நிமிடங்கள் கழித்துத்தான். கணக்கும் டேப்பும் ஒத்துப்போகவில்லை என்றால், முதலில் ஜன்னல் சரியாகத் தெற்கைத்தான் பார்க்கிறதா என்று திசைகாட்டியை வைத்துச் சரிபாருங்கள்.